சொன்னதை மட்டும்

ஜூன் 4

அக்கா,

உன்மேல் பாசம் பொங்கி இதை எழுதவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாறாதே. ரிசல்ட் வந்த அன்று, "கணக்குல முப்பத்தொண்ணு எடுக்கவும் ஒரு தனித் திறமை வேணும்டி" என்று போனில் சிரித்தாய். இனிமேல் உன்னோடு போனில் பேசவே மாட்டேன் என்று நானும் சொன்னேன். அதில் மாற்றம் ஒன்றும் இல்லை. கடிதம் எழுத மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை அல்லவா?

தினம் இரண்டு பக்கம் கையால் எழுத வேண்டும் என்று எனக்கு உத்தரவு. யாருக்காவது கடிதமாக எழுதினால் கை தானாக ஓடும் என்றார்கள். என் தோழிகள் எல்லாம் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். தபால் போட வேண்டிய தூரத்தில் இருக்கும் ஒரே ஆள் நீதான்.

செருப்புக் கடைக்கு மேலே, பார்வை இல்லாதவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டும் நிலையம் இருக்கிறதே, அங்கேதான் போகிறேன். நீகூடப் பதினொன்றாம் வகுப்பில் கொஞ்ச நாள் போனாய், படிக்க நேரமில்லை என்று விட்டுவிட்டாய். அதே இடம்தான். கைப்பிடிக்குக் கயிறு கட்டிய அதே படிக்கட்டு. சும்மா வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறாளே என்று அம்மாதான் தள்ளிவிட்டாள். போன முதல் நாளே அங்கிருக்கும் மேடம் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு, "பன்னிரண்டாவது ஃபெயில்" என்றேன். "ரொம்ப நல்லதாப் போச்சு!" என்றார். நிஜமாகவே கையைத் தட்டினார் அக்கா.

விஷயம் இதுதான். பரீட்சையில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள், பரீட்சை எழுதுகிறவரைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவரே விடையை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று சந்தேகம் வருமாம். பன்னிரண்டாவது எழுதும் ஒருவருக்கு, பத்தாவது மட்டும் முடித்த ஆள் கிடைக்காமல் மூன்று மாதமாகத் தேடியிருக்கிறார்கள். இந்த ஊரிலேயே பொருத்தமான ஆள் நான்தான். தங்கப் பதக்கம் வாங்கிய நீ வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு பக்கம் முடிந்தது.

வாலு

*

ஜூன் 13

வாலு,

கடிதம் கிடைத்தது. எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. அந்த மேடம் கை தட்டுவதற்கு முன்னால் அதைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அம்மா ஏற்கெனவே எல்லாம் சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் போனை எடுத்தால் உன் புராணம்தான். "வாலு அஞ்சு மணிக்கே எழுந்துக்கறா, வாலு தானே துணி துவைச்சுக்கறா, பஸ்ல ஒருத்தருக்கு எடம் விட்டாளாம்." முன்பெல்லாம் சாப்பிட்டாயா, ஆபீசில் இன்று என்ன என்று என்னைக் கேட்பாள். நேற்று எங்கள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் கண்டுபிடித்துச் சொன்ன ஒரு கிருமியால் மாநகராட்சியின் ஒரு வார்டுக்கே தண்ணீர் நிறுத்தப்பட்டது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். "இரு இரு, வாலு வந்துட்டா, கதவைத் தெறக்கணும்" என்று வைத்துவிட்டாள்.

என் மேஜையில்தான் இப்போது நீ எழுதிப் பழகுகிறாயாமே. நான் வாங்கிய பரிசுக் கோப்பைகளை எடுத்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டீர்களாம். போடுங்கள். துணியால் மூடியாவது வையுங்கள்.

ஒரு விஷயம். சேவை, தொண்டு எல்லாம் நல்லதுதான். தன் வேலையை முடித்தவர்கள் செய்தால் அழகு. ஜூலை பதினெட்டில் துணைத்தேர்வு இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்.

யாருக்கு எழுதப் போகிறாய்? பெயர் வேண்டாம், என்ன வேலை பார்க்கிறவர் என்று மட்டும் சொல்.

அக்கா

*

ஜூன் 20

அக்கா,

பொறாமைதானே? சொல்லு. எனக்கு அந்த வியாதி பதினேழு வருஷப் பழக்கம், தூரத்திலிருந்தே வாசனை தெரியும். அந்தக் கோப்பைகளைத் துடைத்தது யார் தெரியுமா? வாரா வாரம் நான்தான். ஒவ்வொன்றிலும் உன் பெயரைப் பார்த்துப் பார்த்துத் துடைத்தேன். ஒரே ஒரு மாதம் என் பெயர் அம்மா வாயில் வந்ததற்கே உனக்கு வயிறு எரிகிறதா?

அவர் ஆஸ்பத்திரி டெலிபோன் ஆபரேட்டர். நாங்கள் ஆபரேட்டர் அண்ணன் என்போம். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நானூறு இணைப்பு எண்கள் மனப்பாடம், ஆனால் சரித்திரத்தில் ஒரு வருஷமும் தங்காது. நான் கேள்வியை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். அவர் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே யோசிப்பார். பிறகு சொல்வார், நான் எழுதுவேன். கமா, முற்றுப்புள்ளிகூட அவர் சொல்லித்தான்.

தப்பாகச் சொன்னாலும் அப்படியே எழுத வேண்டும். அது மட்டுமா, அவர் தப்பாகச் சொல்லும்போது என் மூச்சுகூட மாறக் கூடாது. முதல் வாரம் அவர் ஒரு ராஜாவை ஐம்பது வருஷம் தள்ளிப் பிறக்க வைத்துவிட்டார், நான் என்னை அறியாமல் மூச்சை இழுத்துவிட்டேன். உடனே, "அப்ப அது இல்லையா? சரி, மாத்திக்கோ" என்றார். மேடம் பின்னாலிருந்து, "மூச்சு!" என்று ஒரு அதட்டு. அன்றிலிருந்து தப்பு வரும்போதெல்லாம் ஜன்னல் கம்பியை எண்ணுகிறேன். பதினான்கு கம்பி.

நீ சிரிப்பாய். ஆனால் எனக்கு அங்கே போனால் நேரம் போவதே தெரியவில்லை. யாரிடமும் பேச வராது என்று இருந்தவள், போன வாரம் அண்ணனுக்குப் பரீட்சை நடக்கப் போகிற பள்ளியின் தலைமையாசிரியர் அறைக்குள் நானே போய், "எங்க அண்ணனுக்குக் கீழ்த்தளத்துல ரூம் ஒதுக்கணும் சார்" என்று கேட்டு வாங்கி வந்தேன். நான் படியேறும் சத்தம் கேட்டால் உள்ளேயிருந்து, "வந்துட்டா!" என்று குரல் வரும். என் ரேங்க் என்ன என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது ஒரு ரகசியம். அம்மாவிடம் சொல்லக் கூடாது. நான் துணைத்தேர்வு எழுதப் போவதில்லை. எழுதிப் பாஸாகிவிட்டால் ஆகஸ்டில் ரிசல்ட் வந்துவிடும். அண்ணனுக்குத் திறந்தநிலைப் பள்ளிப் பரீட்சை, அது செப்டம்பரில். அப்புறம் நானும் பன்னிரண்டு, அவரும் பன்னிரண்டு, ஒரு படி குறைவு எங்கே இருக்கும்? என்னை உட்கார விட மாட்டார்கள். நான் அடுத்த வருஷம் எழுதிக்கொள்கிறேன். அவருக்கு ஏற்கெனவே ஒரு தடவை ஏதோ கோளாறாகி இரண்டு வருஷம் எழுதவே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். இந்தத் தடவையும் விட்டால் அவர் மனசு விட்டுப் போகும்.

சத்தியமாக அம்மாவிடம் சொல்லாதே.

வாலு

*

ஜூன் 26

வாலு,

பைத்தியமா உனக்கு? ஒழுங்காகப் போய்ப் பரீட்சை எழுது. அந்த ஆபரேட்டருக்கு வேறு ஆள் கிடைக்கும்.

அந்த இடத்தைப் பற்றி உனக்கு எதுவும் தெரியாது. தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள், ஒரு நாள் தொப்பென்று போடுவார்கள். எனக்குத் தெரியும்.

நாளையே அங்கே போவதை நிறுத்து.

அக்கா

*

ஜூலை 3

அக்கா,

சொல்லிவிட்டாய் அல்லவா?

அம்மா திங்கட்கிழமையிலிருந்து என்னை வெளியே விடவில்லை. போன் செய்து என்ன ஊதினாய் என்று தெரியவில்லை, "அந்த ஆளுங்க உன்னைப் பிடிச்சு வெச்சிருக்காங்களாம், அக்கா சொன்னா, அவ படிச்சவ, அவளுக்குத் தெரியாதா?" என்கிறாள். படிச்சவ! நம் வீட்டில் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அப்பீல் கிடையாது. உன்னை நம்பி ஒரே ஒரு ரகசியம் சொன்னேன். ஐந்தாவது படிக்கும்போது உன் பேனா முனையை உடைத்ததை நானே வந்து சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? அதற்கப்புறம் உன்னிடம் சொன்ன முதல் ரகசியம் இது.

சனிக்கிழமைவரை போனேன். அன்று என்ன நடந்தது என்று கேட்டுக்கொள். மேடம் புது நோட்டு ஒன்றைக் கொடுத்து, பழைய நோட்டில் இருக்கும் பெயர்களைப் பார்த்து எழுதச் சொன்னார். சொல்வதை எழுத வருகிறவர்கள் எல்லாரும் முதல் நாள் அதில் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். "சொன்னதை மட்டும் எழுதுவேன்." நானும் போட்டிருக்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முந்திய பக்கத்தில் உன் எழுத்து இருந்தது. அந்த எழுத்தை எனக்குத் தெரியாதா? அதைப் போல எழுதச் சொல்லி எத்தனை அடி வாங்கியிருக்கிறேன்! அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில், "மீண்டும் அழைக்க வேண்டாம்" என்று இருந்தது.

உண்மையைச் சொல்லட்டுமா? முதலில் சந்தோஷமாக இருந்தது. ஓர் இடத்திலாவது உன்னை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களே என்று. அடுத்த நிமிஷம் நோட்டைத் தூக்கிக்கொண்டு மேடத்திடம் போனேன். "இது எங்க அக்கா மேடம், என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அவர் நோட்டை வாங்கி மூடினார். "அதை அவங்ககிட்டயே கேளும்மா" என்றார்.

படிக்க நேரமில்லை என்று விட்டுவிட்டேன் என்றாயே. என்ன செய்தாய் அக்கா? நீ செய்ததற்கு என்னை ஏன் வீட்டில் உட்கார வைத்திருக்கிறாய்?

அம்மா சொன்னாலும் சரி, நீ சொன்னாலும் சரி, பதினெட்டாம் தேதி பரீட்சை ஹாலுக்குப் போவேன், வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வருவேன்.

வாலு

*

ஜூலை 9

வாலு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். என்னோடு அறையில் இருக்கும் நர்ஸ் கூடையைப் பார்த்துவிட்டு, "காதல் கடிதமா?" என்று கேட்டாள். அதுவாக இருந்தால் எவ்வளவோ தேவலை.

நான் எழுதியதும் அந்த ஆபரேட்டருக்குத்தான். நீ என்ன வேலை என்று எழுதியதுமே தெரிந்துவிட்டது. மேஜையைத் தட்டுவார் என்று படித்தபோது கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

அப்போது அந்த நிலையத்தில் எனக்கு ஈடாக யாரும் இல்லை. அவ்வளவு வேகமாக எழுதுவேன். சரித்திரப் பரீட்சை. ஒரு போருக்கு ஐந்து காரணங்கள் கேட்டிருந்தார்கள். அவர் மூன்று சொன்னார். தட்டித் தட்டிப் பார்த்தார், நாலாவது வரவில்லை. "அவ்வளவுதான், அடுத்த கேள்வி" என்றார். அந்தப் பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, வாலு. மேல் வகுப்புப் பாடத்தையெல்லாம் முன்கூட்டியே படித்துக் கிழித்தவள் அல்லவா? ஐந்தையும் எழுதினேன். அப்புறம் கை நிற்கவில்லை. அவர் சொன்ன மூன்றையும்கூடத் திருத்தி அழகாக்கினேன்.

கடைசியில் முதலிலிருந்து வாசித்துக் காட்டச் சொன்னார். மூன்றை மட்டும் வாசித்திருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. நான் ஐந்தையும் வாசித்தேன். ஏன் தெரியுமா? எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறேன் என்று அவர் கேட்க வேண்டும் என்று ஆசை. கேட்டு என்னைப் புகழ வேண்டும் என்று ஆசை. அவர் விரல் நின்றுவிட்டது. கையைத் தூக்கிக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார். "சார், இதுல ரெண்டு என்னோடது இல்ல. மத்த மூணும் என் பேச்சு இல்ல" என்றார்.

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் பாஸாகியிருப்பார். அவரே சொல்லித் தாளை ரத்து செய்துகொண்டார், இரண்டு வருஷத் தடையும் வாங்கினார். எழுதினது நானாக இருந்தாலும் பரீட்சை அவருடையது, தண்டனையும் அவருக்குத்தான் என்றார்கள். அன்று மாலை நிலையத்தின் படிக்கட்டில் அழுதுகொண்டு நின்றேன். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைக் கடந்து இறங்கிப் போனார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனசை ஆற்றியிருப்பேன். ஐந்து வருஷமாக, பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவிடம் ஏன் சொன்னேன்? உன் நல்லதுக்கு என்று எழுதத்தான் மூன்று காகிதம் கிழிந்தது. நிஜத்தை எழுதுகிறேன். முதல் காரணம் பொறாமை. என்னைச் சிவப்பு மையில் அடித்த இடத்தில், "வந்துட்டா!" என்று உன்னைக் கூப்பிடுகிறார்கள். இங்கே நான் நாள் முழுக்க பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுகிறேன். அறைக்கு வந்தால் நர்ஸ் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் படியேறும் சத்தத்துக்குக் காத்திருப்பவர் ஒருவரும் இல்லை. கோப்பை வாங்கத் தெரிந்தது, அது எனக்கு வரவில்லை. உனக்கு வந்துவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை, உடைக்கப் பார்த்தேன்.

உன் நல்லது என்பது இரண்டாவது காரணம். ஆனால் அதுவும் பொய் இல்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். எனக்காகத் தோற்றுப் போ என்று அவர் உன்னிடம் சொன்னாரா? அவர் சொல்லாத இரண்டு காரணங்களை நான் எழுதினேன். அவர் சொல்லாத ஒரு தோல்வியை நீ எழுதப் போகிறாய். அவருக்கு அது தெரிந்தால் என்ன செய்வார் என்று உனக்கே தெரியும். மறுபடியும் கையைத் தூக்குவார்.

அம்மாவிடம் இன்று காலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசிவரை கேட்டாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். நாளையிலிருந்து உன்னை விடுவாள்.

அக்கா

*

ஆகஸ்ட் 24

அக்கா,

ஐம்பத்திரண்டு. கணக்கில். நீ சிரிக்க வேண்டாம், அம்மா அழுதே விட்டாள்.

உன் கடிதம் வந்த மறுநாள் அண்ணனிடம் போய், என் திட்டத்தைச் சொன்னேன். அவர் கையைத் தூக்கவில்லை, ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "மேடம், இந்தப் பொண்ணைப் பதினெட்டாம் தேதி வரைக்கும் உள்ள விடாதீங்க" என்று கத்தினார். நிலையமே திரும்பிப் பார்த்தது. நீ சொன்னது சரி. எப்போதும் போல. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

தையல்காரர் மகள் ஒருத்தி, பதினொன்றாவது படிக்கிறாள், அவள்தான் இனி அவருக்கு எழுதுவாள். மேடம் அவளைப் பழக்குகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார். பதினான்கு கம்பி எண்ணுவதைக்கூட நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நேற்று அவள் படியேறி வந்தாள். அண்ணன் உள்ளேயிருந்து, "வந்துட்டா!" என்றார். நான் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணின் சடையைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. உன்னைத் திட்டியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் புரிகிறது.

பட்டப் படிப்பு எழுதும் ஒருவருக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். பாஸானதால் ஒரு படி மேலே போயிருக்கிறேனாம்.

வாலு

*

செப்டம்பர் 5

வாலு,

ஐம்பத்திரண்டா! நான் சிரிக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னேன், அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். உன்னைப் பற்றி ஓர் ஆளிடம் பெருமையாகப் பேசியது எனக்கே புதிதாக இருந்தது.

என் மேஜையை நீயே வைத்துக்கொள்.

ஓர் உதவி. அவரிடம் மன்னிப்புக் கேட்டு இதோடு தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பரீட்சை எல்லாம் முடிந்த பிறகு வாசித்துக் காட்டு. முன்னால் வேண்டாம், அவர் மனசு கலையும். உள்ளது உள்ளபடி வாசி. எனக்காக எங்கும் மெருகு போடாதே.

அக்கா

*

நவம்பர் 16

அக்கா,

நேற்று ரிசல்ட் வந்தது. அவர் ஓய்வாக உட்கார்ந்த பிறகு உன் தாளை வாசித்தேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை. முடிந்ததும் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "பேப்பர் எடு தங்கச்சி, பதில் சொல்றேன்" என்றார். அவர் சொன்னதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

"உங்க கடிதம் கேட்டேன். கமா. சரித்திரத்துல நாப்பத்தொண்ணு வந்திருக்கு. முற்றுப்புள்ளி. நீங்க எழுதின அன்னைக்கு எம்பது வந்திருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா இந்த நாப்பத்தொண்ணும் முழுசா என்னுது. இப்பவும் அந்தப் போருக்கு எனக்கு மூணு காரணம்தான் தெரியும். மீதி ரெண்டை ஒரு நாள் நீங்களே வந்து சொல்லித் தாங்க. எழுதத்தான் படிப்பு குறைவா இருக்கணும், வாசிச்சுக் காட்ட எவ்வளவு படிச்சிருந்தாலும் பரவாயில்ல. அடுத்து காலேஜ்ல சேரப் போறேன். மேடம்கிட்ட கேட்டுட்டேன், அந்தச் செவப்பு மையை அடிச்சுடறேன்னு சொன்னாங்க. இன்னொண்ணு. இத்தனை வருஷத்துல எனக்கு எழுதினவங்க ஆறு பேர். அதுல உங்க வேகம் ஒருத்தருக்கும் வரல. உங்க தங்கச்சி நல்ல பொண்ணு. ஆனா கை மெதுவு."

கடைசி இரண்டு வரிகளில் பேனா கொஞ்சம் நின்றது. கண் தெரியாத மனிதர், விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று தோன்றியது. ஜன்னல் கம்பியைப் பதினான்கு வரை எண்ணினேன். மூச்சு மாறவில்லை.

சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

வாலு